இரண்டு பின்னல் ஊர்கள்

நான் பிறந்து வளர்ந்தது திருப்பூர். வேலைக்காகப் போய்க் குடும்பத்தோடு தங்கிவிட்டது ஜெர்மனியின் தென்மேற்கில், ஸ்வேபிய ஆல்ப் மலைமேட்டில் இருக்கும் ஆல்ப்ஷ்டாட். இரண்டுமே பனியன் ஊர்கள். எபிங்கன், டைல்ஃபிங்கன் உள்ளிட்ட பழைய ஊர்களைச் சேர்த்து 1975-ல் ஆல்ப்ஷ்டாட் நகரத்தை உண்டாக்கினார்கள். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் டைல்ஃபிங்கனில் தெருவுக்குத் தெரு உள்ளாடைக் கம்பெனிகள் ஓடின. 1970-களிலிருந்து அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இன்று அந்தத் தொழிலுக்கென்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பின்னல் எந்திரம் செய்யும் தொழில் மட்டும் துணிக் கம்பெனிகளைக் காட்டிலும் நெடுநாள் நின்றது. 1905-ல் டைல்ஃபிங்கனில் தொடங்கிய மேயர் நிறுவனத்தின் வட்டப் பின்னல் எந்திரங்களைத் திருப்பூர் நிட்டிங் கம்பெனிகளில் இன்றும் பார்க்கலாம். என் பிழைப்பும் இப்படிப்பட்ட எந்திரங்களோடுதான்.

ஆகவே ஊருக்கு வரும்போதெல்லாம் நான் இரண்டு ஊர்களையும் சேர்த்தே பார்க்கிறேன். ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று ஏறி இறங்கிவிட்டது. ஏறும் ஊர் இறங்கிய ஊரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் என் காலத்துத் திருப்பூர். 1970-களின் கடைசியில் நாங்கள் ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசல், ஒரு தண்ணீர்த் தொட்டி. எதிரில் ஒரு பனியன் கம்பெனி. கம்பெனி என்றால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம், உள்ளே சில நிட்டிங் மெஷின்கள், ஒரு கட்டிங் டேபிள், பத்துப் பதினைந்து தையல் மெஷின்கள். தைத்ததெல்லாம் வெள்ளை பனியனும் ஜட்டியும்தான். வெளுத்த துணியை ஊருக்கு வெளியே மேட்டாங்காட்டில் விரித்துக் காயவைப்பார்கள். பள்ளி விடுமுறையில் என் வயதுப் பையன்கள் கைமடிக்குப் போவார்கள். டெய்லர் தைத்துத் தள்ளும் துணியை வாங்கி, நூல் கத்தரித்து, மடித்து அடுக்குவது கைமடி வேலை. நானும் போயிருக்கிறேன். பஞ்சுத்தூசி தலைமுடியிலும் புருவத்திலும் படிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிடுவார்.

சம்பளம் சனிக்கிழமை. இன்றும் திருப்பூரில் பெரும்பாலும் வாரச் சம்பளம்தான். சனிக்கிழமை ராத்திரி ஊரே கடைவீதியில் நிற்கும். வாரம் முழுக்கக் காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரைக்கு வெளியே வரும் ஒன்றரை ஷிப்ட் ஆட்கள், அந்த ஒரு ராத்திரியில் வாரத்துக்கான மளிகை, பிள்ளைக்குச் சட்டை, ஒரு சினிமா எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார்கள்.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். 1984-ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. எங்கள் லைன் வீட்டில் அடுப்பு எரியாத வீடுகளுக்கு எரிந்த வீடுகளிலிருந்து சோறு போனது. பெண்கள் ஒருவருக்கும் தெரியாமல் வளையலைக் கொண்டுபோய் அடகு வைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் வாங்கிய உரிமைகளின் பலனைத்தான் பின்னால் வந்தவர்கள் அனுபவித்தார்கள். அதில் நானும் ஒருவன்.

ஆனால் அந்த ஊரிடம் ஒரு பெரிய செல்வம் இருந்தது. அதன் மதிப்பை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. கைமடியாக வந்தவன் டெய்லர் ஆனான். டெய்லர் கட்டிங் மாஸ்டர் ஆனான். மாஸ்டர் இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, பழைய மெஷின்கள் நாலை வாங்கிப் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து முதலாளி ஆனான். கிணறு வற்றிக் காட்டை விட்டு வந்த விவசாயிகளின் பிள்ளைகள் பலர் இப்படித்தான் கம்பெனி வைத்தார்கள். தன்னோடு ஒரே டேபிளில் உட்கார்ந்து தைத்தவனை நாளைக்கு முதலாளி என்று கூப்பிட வேண்டியிருக்கும் என்பது அன்றைய திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும். அந்த நினைப்புதான் ஒன்றரை ஷிப்ட் வேலையைத் தாங்க வைத்தது.

ஊரை உலகத்துக்குக் கொண்டுபோனவரும் வெளியூர்க்காரர்தான். 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வணிகர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-சர்ட் வாங்கினார். அதன் பிறகு ஐரோப்பியக் கொள்முதலாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அதுவரை கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பனியன் அனுப்பிய ஊர், கலர் துணியும் பிரிண்டும் கற்றுக்கொண்டது. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 20 கோடி ரூபாயைத் தொடாத ஏற்றுமதி, இன்று 30 ஆயிரம் கோடியைத் தாண்டி நிற்கிறது. 1981-ல் ஒன்றரை லட்சம் பேருக்குச் சற்றே மேல் இருந்த ஊர். 2008-ல் மாநகராட்சி, 2009-ல் தனி மாவட்டத்தின் தலைநகர். வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டபின், 2011 கணக்கெடுப்புப்படி அந்த எல்லைக்குள் 8.77 லட்சம் பேர்.

இப்போது அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் வந்தால், எது திருப்பூர், எது திருமுருகன்பூண்டி என்று தெரிவதில்லை. பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு, பெருமாநல்லூர் ரோடு எல்லாம் அப்படியே. கிளுவை வேலி போட்டு மாடு மேய்ந்த கொறங்காடுகளில் கண்ணாடி முகப்பு வைத்த எக்ஸ்போர்ட் கம்பெனிகள் நிற்கின்றன. உள்ளே துணியை எந்திரமே விரிக்கிறது, எந்திரமே வெட்டுகிறது. ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை பீஸ் முடிந்தது என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது. தூசி உறிஞ்சும் குழாய்கள் இருக்கின்றன. பல கம்பெனிகளில் குழந்தைகள் காப்பகமும் உண்டு. கைமடிக்குச் சிறுவர்கள் இல்லை. இந்த மாற்றங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. பஞ்சுத்தூசி இல்லாத புருவத்தோடு ஒரு பெண் வேலை முடிந்து வெளியே வருவது சின்ன விஷயமல்ல.

ஆற்றின் கதை வேறு. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது நொய்யல். என் அப்பா அதில் நீந்தியவர். நான் கணுக்கால் நனைய நின்றவன். நான் கல்லூரியில் படித்த காலத்தில் சாயப்பட்டறைகள் பெருகி, ஆறு ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது. பாசனத்துக்கென்று சென்னிமலைக்கு அருகே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் 1990-களில் தேங்கியது சாயக்கழிவு. அணைத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. உப்பேறிய கிணறுகளால் தென்னை கருகியது. கரூர் வரை இருந்த உழவர்கள், தாங்கள் ஒரு பனியன்கூடத் தைக்காத தொழிலுக்குத் தங்கள் மண்ணைக் கொடுத்தார்கள். இதை நாம் மறக்கக்கூடாது. ஏற்றுமதிக் கணக்கில் அந்தத் தென்னைகள் செலவாக எழுதப்படவில்லை.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பல மாதம் ஊர் தத்தளித்தது. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்றினார்கள். வேலை இழந்தவர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். பிறகு அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பட்டறைக்காரர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைத்தார்கள். இப்போது சாயத்தண்ணீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி வடிகட்டி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பை எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் உப்பில் ஒரு பகுதியும் திரும்பச் சாயமேற்றவே போகின்றன. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக்கூடாது என்ற விதியை இத்தனை பெரிய சாயத் தொழில் தொகுப்பு ஒன்று ஏற்றுக்கொண்டது பெரிய காரியம். இதற்கு ஆகும் செலவை விலையில் ஏற்றிக்கொடுக்க வெளிநாட்டுக் கொள்முதலாளர்கள் முன்வர வேண்டும். குறைந்த விலைச் சட்டை கேட்கும் ஐரோப்பியக் கடைக்காரருக்கு அந்தப் பொறுப்பு உண்டு என்பதை நான் வாழும் ஊரிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு இன்னும் முழுக்கத் தேறவில்லை. வீட்டுச் சாக்கடை அதில் கலக்கிறது. ஆனாலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் உள்ள நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமானது. 2024-ல் உலக அளவில் காக்க வேண்டிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. 2015-ல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கம் வருஷம் தவறாமல் மரம் நட்டு வளர்க்கிறது. கெடுத்ததைத் திருத்த முடியும் என்று இந்த ஊர் காட்டியிருக்கிறது. அதனால்தான் அடுத்த கேள்வியையும் இந்த ஊரிடம் கேட்கத் தோன்றுகிறது.

அந்தக் கேள்வி மனிதர்களைப் பற்றியது.

அன்றைக்குக் கம்பெனி வாசலில் தொங்கும் பலகையில் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்று தமிழில் எழுதியிருக்கும். இன்று அதே வாசலில் அதற்குக் கீழே இந்தியிலும் எழுதியிருக்கிறது. தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயில் திருப்பூரில் நின்றால், தோளில் பையோடு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கம், அசாம் என்று பல மாநிலத்துப் பிள்ளைகள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அவர்கள் பார்ப்பது குமரன் நினைவகம் இருக்கும் தெரு. ஊரின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் தாங்கிய திருப்பூர் குமரன், 1904-ல் சென்னிமலையில் பிறந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். 1932 ஜனவரியில் தேசியக் கொடியைப் பிடித்தபடி போலீஸ் தடியடியில் விழுந்து உயிர்விட்டார். வந்தவர்தான் இந்த ஊரின் முகமானார்.

சென்ற முறை ஊருக்கு வந்தபோது, எங்கள் லைன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த பழைய கட்டிங் மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், பேச்சில் அதே கனிவு.

"வா கண்ணு, அந்த ஊர்ல குளிரு எப்படீங் கண்ணு?" என்று ஆரம்பித்தார்.

வடக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பேச்சு திரும்பியது. நான், "ஊர்ல இப்ப இந்திதான் அதிகம் கேக்குதுங்க மாஸ்டர்" என்றேன்.

"அன்னிக்கு மதுர, தேனின்னு தெக்கத்தி ஆளுங்க வந்தாங்கல்ல, அவியளுக்கு வூடு குடுக்க நம்மாளுக எத்தன யோசன பண்ணுனாங்க தெரியுமா? இன்னிக்கு அவிய கட்டுன வூட்லதான் வடக்கத்திப் பசங்க குடியிருக்காங்க. யாரு கண்ணு இங்க உள்ளூரு?"

அவர் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து டெய்லராகச் சேர்ந்தவர் கட்டிய வீட்டின் மாடியில், ஒடிசாப் பையன்கள் ஓர் அறைக்குப் பலராகத் தங்கியிருந்தார்கள். ஷிப்டு மாறும்போது பாயும் மாறும். கழிப்பறை ஒன்று. ஒப்பந்தக்காரர் வழியாக வேலை. சம்பளச் சீட்டு சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. உடம்பு சரியில்லாமல் போனால் மருந்துக்கடைதான் ஆஸ்பத்திரி. நான் கேட்டதற்கெல்லாம் ஒரு பையன் தமிழிலேயே பதில் சொன்னான். 'பீஸ் ரேட்டு', 'கைமடி', 'பேட்லாக்' எல்லாம் அவன் வாயில் திருப்பூர்க்காரன் சொல்வதைப் போலவே வந்தன. ஆனால், "டெய்லர் ஆனப்புறம் என்ன?" என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. சிரித்தான். கைமடியை முதலாளியாக்கிய அந்தப் பழைய ஏணியில் அடுத்த படி இருப்பதாக அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊருக்குப் போகக் கிளம்பியவர்களோடு பயந்தவர்களும் சேர்ந்து ஸ்டேஷனில் குவிந்தார்கள். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் வந்து பார்த்தது. காவல்துறையும் கம்பெனிக்காரர்களும் இந்தியில் பேசித் தைரியம் சொன்னார்கள். உண்மை வென்றது. ஆனால் ஒரு பொய் வீடியோவை நம்பி ஊரைவிட்டு ஓடும் அளவுக்கு அவர்கள் நமக்கு அந்நியமாக இருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் வலித்தது. பக்கத்து வீட்டுக்காரரோடு பழகியவன் அப்படி ஓடமாட்டான்.

இங்கேதான் ஆல்ப்ஷ்டாட்டின் கதை நமக்கு வேண்டும். கம்பெனிகள் கொழித்த காலத்தில் ஜெர்மனிக்கு ஆள் போதவில்லை. 1955-ல் இத்தாலியோடும், 1961-ல் துருக்கியோடும், பிறகு யூகோஸ்லாவியாவோடும் ஒப்பந்தம் போட்டு ஆட்களை அழைத்தார்கள். சில ஆண்டு வேலை செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்ற கணக்கில், விருந்தாளித் தொழிலாளர் என்று பெயர் வைத்தார்கள். விடுதிகளில் அடுக்கினார்கள். மொழி சொல்லித்தர யாரும் மெனக்கெடவில்லை. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். அதுவரை வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. குடும்பத்தை வரவழைத்தார்கள். பிள்ளைகள் பிறந்தன. அங்கேயே பிறந்து, ஜெர்மன் மொழியிலேயே கனவு கண்ட அந்தப் பிள்ளைகளை நாடு தன் பிள்ளைகளாகச் சட்டப்படி ஏற்கத் தொடங்கியது 2000-ல்தான். வெளிநாட்டவருக்கு முறையான மொழி வகுப்புகளை 2005-ல்தான் சட்டப்படி கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு தலைமுறை ஓரத்திலேயே வாழ்ந்து முடித்தது. அந்தத் தாமதத்துக்கு இன்றும் அந்த நாடு விலை கொடுக்கிறது.

நான் போய் இறங்கியபோது அந்தப் பாடத்தின் பலன் எனக்குக் கிடைத்தது. நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்தேன். முதல் மாதமே மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்தது. பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கொடுத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் இருந்தது. நானும் பிழைக்கப் போனவன்தான். ராயபுரத்து மாடியில் இருக்கும் ஒடிசாப் பையனும் பிழைக்க வந்தவன்தான். நான் கடல் கடந்து போனேன், அவன் சொந்த நாட்டுக்குள்ளேயே வந்திருக்கிறான். எனக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்காதது நியாயமில்லை.

டைல்ஃபிங்கனில் இன்று துணிக் கம்பெனிகள் அநேகமாக இல்லை. அன்று வந்த இத்தாலியர், துருக்கியர், யூகோஸ்லாவியரின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கடை வைத்திருக்கிறார்கள், பள்ளியில் பாடம் நடத்துகிறார்கள், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறார்கள். கம்பெனி போன பிறகும் ஊர் ஊராக நிற்பது அவர்களாலும்தான். திருப்பூரும் அந்த ஆபத்துக்கு விலக்கில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றன. பின்னல் தொழில் மலிவான கையைத் தேடி ஊர் ஊராக நகர்ந்து வந்த தொழில். ஸ்வேபிய மலையிலிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் நகர்ந்ததால்தான் நமக்கு வந்தது. அது என்றென்றைக்கும் நம்மிடமே இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தங்குவது மனிதர்கள்.

ஜெர்மனியின் 40 ஆண்டுத் தாமதம் திருப்பூருக்குத் தேவையில்லை. செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தாலும் ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ., பி.எப். எண் கொடுக்க வேண்டும். பாய் மாறாத அறைகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்புகளை மாநகராட்சியும் கம்பெனிகளும் சேர்ந்து கட்ட வேண்டும். மாலையில் தமிழ் வகுப்பு வேண்டும். விருப்பமுள்ளவனுக்குக் கட்டிங்கும் பேட்டர்னும் சொல்லித்தர வேண்டும். அவர்கள் பிள்ளைகளை மாநகராட்சிப் பள்ளி கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்த்துக்கொண்ட ஒரு பள்ளியை நான் பார்த்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பீகார்ச் சிறுமி, பக்கத்தில் இருந்த ராயபுரத்துப் பையனுக்கு எழுத்துப் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். டீச்சர் அதை ஒன்றும் அதிசயமாக நினைக்கவில்லை. அந்த இயல்பு ஊர் முழுக்கப் பரவ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பழைய ஏணியை மறுபடி நிறுத்த வேண்டும். அந்த ஏணிதான் காட்டை விட்டு வந்தவனை முதலாளியாக்கியது. தெற்கிலிருந்து வந்தவனை வீட்டுக்காரனாக்கியதும் அதுதான். இன்று கம்பெனி வைக்க முதல் அதிகம் தேவை, அது உண்மை. ஆனாலும் ஜாப் ஒர்க் இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது, கூட்டு இருக்கிறது. திருப்பூரின் காதர்பேட்டையில் ஓர் ஒடியாக்காரர் சொந்தக் கம்பெனிப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து, தன்னிடம் வேலை கேட்டு வந்த பல்லடத்துப் பையனிடம் பீஸ் ரேட் பேசும் நாள் வரட்டும். ஏற்றுமதி எத்தனை ஆயிரம் கோடி என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. திருப்பூர் வளர்ந்துவிட்டது என்று அன்று நானே ஆல்ப்ஷ்டாட்டில் எல்லோரிடமும் சொல்வேன்.